மலையில் சிக்னல் இல்லாமல் பாட்டுக் கேட்க: சந்தாப் பாட்டின் பூட்டும், பூட்டில்லாத பாட்டைச் சேர்க்கும் வழியும்

நீலகிரியில் மஞ்சூரைத் தாண்டிக் கிண்ணக்கொரைப் பக்கம் போகிறவர்களுக்கும், கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் இது தெரிந்த கதைதான். ஒரு வளைவில் சிக்னல் நாலு கோடு காட்டும், அடுத்த வளைவில் ஒன்றும் இருக்காது. அதனால் நீலகிரிக்கு வேலைக்கு வருகிறவர்கள், எஸ்டேட் ஆனாலும் பள்ளிக்கூடம் ஆனாலும் ஹோம்ஸ்டே ஆனாலும், முதல் மாதமே ஏதாவது ஒரு பாட்டுச் செயலிக்குச் சந்தா கட்டி, ஊட்டியிலோ குன்னூரிலோ நல்ல வைஃபை கிடைக்கும் இடத்தில் நூற்றுக்கணக்கான பாட்டுகளை இறக்கி வைத்துக்கொள்கிறார்கள். சில மாதம் கழித்து எல்லோரும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: இறக்கின பாட்டு பென்டிரைவில் ஏறமாட்டேன் என்கிறது, கார் ஸ்டீரியோவில் பாடமாட்டேன் என்கிறது, சந்தா முடிந்த அன்று போனிலும் பாடமாட்டேன் என்கிறது, இந்தப் பூட்டை எப்படி எடுப்பது?

நானும் அந்தக் கேள்வியோடு அலைந்தவன்தான். அலைந்து தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். பூட்டை உடைக்கும் வழி இதில் இல்லை. அதற்குத் தேவையே இல்லாமல், உங்களுக்கென்று ஒரு பாட்டுச் சேமிப்பை உருவாக்கும் வழி இருக்கிறது. கொஞ்சம் பொறுமை வேண்டும், கொஞ்சம் பணம் வேண்டும். ஆனால் ஒருமுறை செய்துவிட்டால் யாரும் அதை உங்களிடமிருந்து எடுக்க முடியாது.

1. கையில் இருப்பது வாங்கின பாட்டா, வாடகைப் பாட்டா என்று பிரியுங்கள்

இந்த ஒரு வேலையைச் செய்யாமல் வேறு எதிலும் இறங்காதீர்கள். உங்கள் போனிலும் கணினியிலும் இருப்பதில் ஒரு பகுதி ஏற்கெனவே பூட்டில்லாத பாட்டாக இருக்கலாம்.

ஸ்பாட்டிஃபை, யூடியூப் மியூசிக், ஜியோசாவன் போன்ற செயலிகளில் ‘டவுன்லோட்’ பொத்தானை அழுத்தினால் இறங்குவது மறையாக்கம் செய்த கோப்பு. அந்தச் செயலிதான் அதைத் திறக்கும். போனின் கோப்புறைகளில் தேடினாலும் பாட்டுப் பெயரில் எதுவும் கிடைக்காது. சந்தா உயிரோடு இருக்கும்வரை கேட்கலாம், அவ்வளவுதான். இது வாடகை வீடு மாதிரி. எத்தனை வருடம் வாடகை கட்டினாலும் பத்திரம் உங்கள் பெயருக்கு வராது.

ஆப்பிள் கணக்கு வைத்திருப்பவர்களுக்குத்தான் குழப்பம் அதிகம். ஏனென்றால் அங்கே வாங்கின பாட்டும் வாடகைப் பாட்டும் ஒரே பட்டியலில் கலந்து கிடக்கும். கணினியில் ஒரு பாட்டைத் தேர்ந்து அதன் விவரப் பக்கத்தைத் திறந்தால், கோப்பு என்ன வகை என்று ஒரு வரி இருக்கும். அதில் ‘பர்ச்சேஸ்டு’ என்று இருந்தால் நீங்கள் விலைக்கு வாங்கியது, பூட்டு இல்லை. ‘ஆப்பிள் மியூசிக்’ என்று இருந்தால் சந்தாவில் வந்தது, பூட்டு உண்டு. கோப்பின் பெயருக்குப் பின்னால் வரும் வால் எழுத்தைப் பார்த்தும் சொல்லலாம்: எம்4ஏ (.m4a) என்றால் பெரும்பாலும் திறந்த கோப்பு, எம்4பி (.m4p) என்றால் பூட்டிய கோப்பு. 2009-க்கு முன்பு ஆப்பிளின் பாட்டுக் கடையான ஐட்யூன்ஸில் வாங்கின பாட்டுகள் சிலருக்கு இன்னும் எம்4பி-யாகவே இருக்கும். அவை ‘ப்ரொடெக்டட்’ என்று காட்டும். அதே கணக்கில் நுழைந்து, உங்கள் கொள்முதல் பட்டியலில் அந்தப் பாட்டு இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பழைய கோப்பை ஓரமாக வைத்துவிட்டு மறுபடி இறக்கிப் பாருங்கள்.

திறந்த கோப்பு என்று தெரிந்ததையெல்லாம் இன்றைக்கே ஒரு தனிக் கோப்புறைக்கு நகலெடுங்கள். சந்தாவை நிறுத்தின பிறகு எது நம்முடையது, எது போய்விட்டது என்று தேடுவது பெரிய தலைவலி.

2. பூட்டுடைக்கும் மென்பொருளைத் தேடிப் போகாதீர்கள்

இதை மனதாரச் சொல்கிறேன். தேடினால் ‘கன்வெர்ட்டர்’ என்ற பெயரில் வரிசையாக வந்து நிற்கும். இலவசம் என்று சொல்லி இறக்கச் சொல்வார்கள். இறக்கிய பிறகு ஒவ்வொரு பாட்டிலும் முதல் ஓரிரு நிமிடத்தை மட்டும் மாற்றித் தந்துவிட்டு, முழுப்பாட்டுக்கு ஆண்டுக் கட்டணம் கேட்பவை உண்டு. உங்கள் சந்தாக் கணக்கின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் தங்கள் பெட்டிக்குள்ளேயே போடச் சொல்பவை அதைவிட மோசம். அந்த மின்னஞ்சல்தானே உங்கள் வங்கிக்கும் கொடுத்திருப்பது? கணினியின் வைரஸ் தடுப்பை அணைத்துவிட்டு நிறுவுங்கள் என்று எந்த மென்பொருள் சொன்னாலும் அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

சட்டமும் இருக்கிறது. 2012-இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு இப்படிப்பட்ட தொழில்நுட்பப் பூட்டைத் தாண்டுகிறவருக்கு இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும் சொல்கிறது. ‘நான் எனக்காகத்தானே செய்கிறேன்’ என்று வாதாட இடம் இருக்கலாம். ஆனால் சந்தா எடுக்கும்போது நாம் ‘ஏற்கிறேன்’ என்று அழுத்தின ஒப்பந்தத்தை மீறியதற்காகக் கணக்கையே முடக்கிவிட்டால், அந்த வாதத்தைக் கேட்க அங்கே யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். இவ்வளவு பாடுபட்டு எடுத்தாலும், கிடைப்பது பெரும்பாலும் மறுபடி சுருக்கிய, தரம் குறைந்த கோப்புதான். பாட்டை நேசிக்கிறவருக்கு அது தேவையா?

3. சந்தா இருக்கும்வரை அதை மலைக்கு ஏற்றபடி பயன்படுத்துங்கள்

ஸ்பாட்டிஃபையிலும் யூடியூப் மியூசிக்கிலும், இறக்கிய பாட்டு தொடர்ந்து பாட வேண்டுமானால் 30 நாளுக்கு ஒருமுறையாவது செயலி இணையத்தைத் தொட வேண்டும். இங்கே புதிதாக வருகிறவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான். ஜூன், ஜூலையில் காற்றும் மழையும் பிடித்து, மரம் விழுந்து, கரண்டும் டவரும் சேர்ந்து போனால், சரியாக அந்த வாரத்தில்தான் கெடு முடியும்.

டவுனுக்குப் போகும்போதெல்லாம் செயலியைத் திறந்து, ஏதாவது ஒரு பாட்டை இணையத்தில் ஓடவிட்டு, இறக்கிய பட்டியலின் அடையாளம் பச்சையாகவோ டிக் குறியாகவோ இருக்கிறதா என்று பாருங்கள். செயலிக்குள்ளேயே ‘ஆஃப்லைன் மோட்’ போட்டு வைத்திருந்தால் அதை அணைத்துவிட்டுப் பாருங்கள், இல்லையென்றால் வைஃபையில் இருந்தாலும் கெடு புதுப்பிக்காது. ஸ்பாட்டிஃபையில் ஒரு கருவிக்கு 10,000 பாட்டு, மொத்தம் 5 கருவிகள் என்பது வரம்பு. ஆறாவது கருவியில் இறக்கினால் பழைய கருவி ஒன்றில் இருப்பது அழிந்துவிடும். பழைய போனைத் தோட்டத்தில் கேட்க வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். போனில் இடம் போதவில்லை என்று ‘கேஷ் கிளியர்’ செய்யும்போதும் நிதானம் வேண்டும். பக்கத்திலேயே இருக்கும் ‘டேட்டா கிளியர்’ இறக்கிய எல்லாவற்றையும் துடைத்துவிடும்.

4. நிறுத்துவதற்கு முன் பட்டியலையும் ரசீதையும் எடுத்து வையுங்கள்

பாட்டுதான் வராது, பாட்டின் பட்டியல் வரும். அது உங்கள் உரிமை. பல வருட ரசனை அந்தப் பட்டியலில் இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். ஸ்பாட்டிஃபையில் கணக்கின் தனியுரிமைப் பக்கத்துக்குப் போனால் உங்கள் தரவைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். உடனே வராது, சில நாள் ஆகும், மின்னஞ்சலில் இணைப்பு வரும். யூடியூப் மியூசிக் என்றால் கூகுள் கணக்கின் தரவை இறக்கித் தரும் கூகுள் டேக்அவுட் பக்கம் வழியாகப் பட்டியல்களை எடுக்கலாம். சந்தா முடியும் தேதிக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள்.

செயலி நிறுத்தப்படுவதும் நடக்கிறதுதான். 2024-இன் தொடக்கத்தில் ரெஸ்ஸோ இந்தியாவில் நின்றது, அதே ஆண்டில் ஏர்டெல் தன் விங்க் மியூசிக்கை மூடுவதாக அறிவித்தது. அதனால் பட்டியலை வருடத்துக்கு ஒருமுறை எடுத்து வைப்பது நல்ல பழக்கம்.

அடுத்து பணம். செயலியைப் போனிலிருந்து அழித்தால் சந்தா நிற்காது. நான் பார்த்தவர்களில் நிறையப் பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள். கணக்குப் பக்கத்தில் ரத்து செய்துவிட்டு, யூபிஐ செயலியில் ‘ஆட்டோபே’ பகுதியையும், கார்டு என்றால் வங்கியின் நிலையான உத்தரவுப் பக்கத்தையும் திறந்து, அந்த உத்தரவு போய்விட்டதா என்று கண்ணால் பாருங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு உங்களுக்குத் தகவல் வர வேண்டும். மலையில் குறுஞ்செய்தி தாமதமாக வரும் என்பதால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். ரத்து செய்ததற்கான மின்னஞ்சலை அழிக்காதீர்கள். பணம் தவறாகப் போனால் வங்கி கேட்கும் முதல் ஆவணம் அதுதான்.

5. பூட்டில்லாமல் விற்கிற இடத்தில் வாங்குங்கள்

இப்போது சேர்க்கிற வேலை. பேண்ட்கேம்ப் என்ற தளத்தில் பாடகர்களும் இசைக்குழுக்களும் நேரடியாக விற்கிறார்கள். வாங்கினால் எம்பி3, ஃப்ளாக் (தரம் குறையாமல் சுருக்கும் வடிவம்), ஏஏசி என்று எந்த வடிவத்தில் வேண்டுமோ அதில் இறக்கலாம், பூட்டு கிடையாது. தமிழ்ச் சினிமாப் பாட்டை அங்கே தேடிப் பயனில்லை. தனியிசை, கருவியிசை, வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் செய்யும் இசை, இவற்றுக்கு நல்ல இடம். விலை டாலரிலோ பவுண்டிலோ இருக்கும். உங்கள் வங்கிக் கார்டில் வெளிநாட்டு இணையப் பரிவர்த்தனை அணைத்து வைக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். வங்கிச் செயலியில் அதைத் திறந்து, சிறிய வரம்பு ஒன்று வைத்து, வாங்கி முடித்ததும் மறுபடி அணைத்துவிடுங்கள். காட்டும் விலைக்கு மேல் வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணம் உண்டு. பல வங்கிகளில் அது 2 முதல் 3.5 சதவீதம் வரை, அதன்மேல் ஜிஎஸ்டி தனி.

ஆப்பிள் கருவி இருந்தால் ஐட்யூன்ஸ் கடையைத் திறந்து பாருங்கள். ஆப்பிள் மியூசிக் சந்தாவும் ஐட்யூன்ஸ் கடையும் வேறு வேறு. பாட்டுக்குப் பக்கத்தில் ரூபாயில் விலை தெரிந்தால் அது விற்பனைக்கு உண்டு, வாங்கினால் பூட்டில்லாத 256 கேபிபிஎஸ் (நொடிக்கு இத்தனை கிலோபிட் என்ற தர அளவு) ஏஏசி கோப்பு கிடைக்கும். யூபிஐ வழியாகக் கணக்கில் கொஞ்சம் பணம் போட்டு வைத்துக்கொண்டு வாங்குவது எளிது.

எங்கே வாங்கினாலும் மூன்று காரியம்: வாங்கின அன்றே இறக்குங்கள், ரசீது மின்னஞ்சலை பிடிஎஃப் ஆக்கிப் பாட்டு இருக்கும் கோப்புறைக்குள்ளேயே போடுங்கள், கடை என் கணக்கில் வைத்திருக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். ஃப்ளிப்கார்ட் 2012-இல் ஃப்ளைட் என்று ஒரு பாட்டுக் கடை தொடங்கி மறு ஆண்டே மூடியது. அதில் எம்பி3 வாங்கிக் கணினியில் வைத்துக்கொண்டவர்களுக்கு அந்தப் பாட்டு இன்றைக்கும் பாடும். பூட்டில்லாததன் அருமை அதுதான்.

6. வீட்டில் இருக்கும் சிடிகளைக் கோப்பாக மாற்றுங்கள்

பரணில் கிடக்கும் சிடிதான் உங்களிடம் இருப்பதிலேயே தரமான பாட்டு. விலை கொடுத்து வாங்கியது, பூட்டு இல்லாதது. உங்கள் சொந்தப் பயனுக்கு நகலெடுப்பது நியாயமான பயன்பாட்டுக்குள் வருகிற காரியம். நகலெடுத்து நண்பர்களுக்குக் கொடுப்பதும், நகலை வைத்துக்கொண்டு சிடியை விற்பதும் வராது.

இப்போது வரும் மடிக்கணினிகளில் சிடி போடும் இடமே இல்லை. யூஎஸ்பியில் செருகும் டிவிடி ரைட்டர் சுமார் 1,200 முதல் 2,000 ரூபாய்க்குள் கிடைக்கும். மென்பொருள் இலவசம்: விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, எல்லாக் கணினிக்கும் ஃப்ரீஏக். இவை தட்டைச் சரியாகப் படித்தோமா என்று சோதித்துக்கொள்ளும், கீறல் விழுந்த தட்டுக்கு அது மிக முக்கியம். நல்ல தட்டு என்றால் பத்து நிமிடத்தில் முடியும். கீறல் இருந்தால் ஒரே பாட்டுக்கு அரைமணி நேரம்கூட முக்கிக்கொண்டிருக்கும், விட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள். தட்டைத் துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாகச் சுற்றித் துடைக்காதீர்கள்.

ஒரு பொறி இங்கே உண்டு. பழைய விண்டோஸ் மீடியா பிளேயரில் சிடியை நகலெடுக்கும் அமைப்புப் பக்கத்தில், ‘காப்பி ப்ரொடெக்ட் மியூசிக்’ என்று ஒரு சிறு கட்டம் இருக்கும். அதில் டிக் இருந்தால், உங்கள் சொந்த சிடியிலிருந்து நீங்களே எடுத்த டபிள்யூஎம்ஏ கோப்புக்கு நீங்களே பூட்டுப் போட்டதாகிவிடும், வேறு கணினியில் பாடாது. பழைய கணினியிலிருந்து கொண்டுவந்த பாட்டு புதியதில் பாடவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். சிடி இன்னும் கையில் இருந்தால் மறுபடி எடுத்துவிடுங்கள், வேறு எதுவும் வேண்டாம்.

வடிவம் என்று கேட்டால், சேமிப்புக்கு ஃப்ளாக், காருக்கும் போனுக்கும் அதிலிருந்து எம்பி3. ஐந்து நிமிடப் பாட்டு 320 கேபிபிஎஸ் எம்பி3-இல் சுமார் 12 மெகாபைட் வரும், ஆயிரம் பாட்டுக்கு 12 ஜிகாபைட். ஃப்ளாக் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. பெயர்களை மென்பொருள் இணையத்திலிருந்து தானே எடுத்துப் போடும். தமிழ் சிடிகளில் இரண்டு படத்தின் பாட்டை ஒரே தட்டில் போட்டு விற்பார்கள் அல்லவா, அவற்றில் இரண்டாவது படத்துப் பாட்டெல்லாம் முதல் படத்தின் பெயரில் போய் உட்கார்ந்துவிடும். எடுத்த கையோடு எம்பி3டேக் போன்ற மென்பொருளில் திருத்திவிடுங்கள். பிறகு செய்துகொள்ளலாம் என்று விட்டால் செய்யவே மாட்டோம்.

7. கேசட்: இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்

இந்தப் பகுதியை நீளமாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. மலையில் கேசட் சாகிறது. இங்குள்ள ஈரமும் மூடுபனியும் நாடாவில் பூஞ்சை பிடிக்க வைக்கும். அதில் பதிந்திருப்பது சினிமாப் பாட்டு மட்டுமா? நீலகிரியின் படகர் மக்கள் வாழும் ஹட்டி என்னும் ஊர்களில் ஹெத்தையம்மன் பண்டிகைக்கும் கல்யாணத்துக்கும் பாடின பாட்டுகள், உள்ளூர்க் கலைஞர்கள் சொந்தச் செலவில் பதிவு செய்து ஊட்டி, கோத்தகிரிக் கடைகளில் விற்ற படகப் பாட்டுக் கேசட்கள், பாட்டிமார் குரலில் வீட்டிலேயே பதிந்தவை என்று எவ்வளவோ இருக்கிறது. இவையெல்லாம் எந்தச் செயலிக்கும் முழுதாக வந்து சேரவில்லை. வாடகைக்குக்கூடக் கிடைக்காத பாட்டு இது. கெட்டால் கெட்டதுதான்.

முதலில் கேசட்டை வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடிச் சன்னல் வழியாக நாடாச் சுருளின் பக்கவாட்டைப் பாருங்கள். ஒரே சீரான பழுப்பாகவோ கறுப்பாகவோ, வழவழப்பாக இருந்தால் நல்லது. மாவு தூவின மாதிரி வெள்ளைத் திட்டுகளோ கீற்றுகளோ தெரிந்தால் பூஞ்சை. அதைப் பிளேயரில் போடாதீர்கள். நாடா ஒட்டிக்கொண்டு இழுபட்டு அறுந்துபோகும், பூஞ்சை, நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஏறி அடுத்து போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். அப்படிப்பட்டதைத் தனிப் பையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காயவிட்டு, பழைய டேப் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். அடுப்பருகிலோ ரூம் ஹீட்டர் முன்னாலோ வைத்துக் காயவைக்கக் கூடாது, நாடா நெளிந்துவிடும்.

நல்ல கேசட்டை ஒருமுறை கடைசிவரை ஓடவிட்டுத் திரும்பச் சுற்றுங்கள். வருடக்கணக்கில் இறுகிக் கிடந்த சுருள் தளரும். பிளேயரின் ஹெட்டைக் காதுகுடையும் பஞ்சுக்குச்சியில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துக் காயவிடுங்கள். பஞ்சு பழுப்பாக வருவது நிற்கும்வரை துடைக்க வேண்டும். இதைச் செய்யாமல் பதிவு செய்தால் போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் மந்தமாக வரும், அப்புறம் எந்த மென்பொருளாலும் அதைத் திருத்த முடியாது.

அடுத்து இணைப்பு. பிளேயரின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து 3.5 மில்லிமீட்டர் வயர். மடிக்கணினியில் இருக்கும் ஒற்றைத் துளையில் அதைச் செருகாதீர்கள். பதிவதற்கு அதில் இருப்பது மைக் வழி மட்டும், ஸ்டீரியோவாகப் பதியாது, கரகரக்கும். கடையில் ‘லைன் இன்’ உள்ள, ஸ்டீரியோவில் பதிவு செய்யும் யூஎஸ்பி சவுண்டு கார்டு என்று கேட்டு வாங்குங்கள். 200 ரூபாய்க்குக் கிடைக்கும் குட்டிக் கருவிகளில் பெரும்பாலும் மைக் துளைதான் இருக்கும். உருப்படியானதற்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை ஆகலாம்.

மென்பொருள் ஆடாசிட்டி, இலவசம். 44,100 ஹெர்ட்ஸ், ஸ்டீரியோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டில் மிக உரக்க வரும் இடத்தை முதலில் ஓடவிட்டு, ஒலிமானி மைனஸ் 6 டெசிபெல் அருகே நிற்கும்படி பிளேயரின் சத்தத்தைச் சரிசெய்யுங்கள். சிவப்பைத் தொட்டால் அந்த இடம் உடைந்துபோய்ப் பதியும். ‘ம்ம்ம்’ என்று அடியில் ஒரு முனகல் கேட்டால் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், பல நேரம் அதோடு நின்றுவிடும். சார்ஜர் இல்லாமல் பதிவது மலையில் இன்னொரு விதத்திலும் நல்லது. நடுவில் கரண்ட் போனாலும் கணினிப் பக்கம் ஒன்றும் ஆகாது. பிளேயருக்கும் பேட்டரி போட்டுவிட்டால் முழு நிம்மதி.

60 நிமிடக் கேசட்டுக்கு ஒரு பக்கம் 30 நிமிடம், அதைக் குறைக்க வழியில்லை. ஓடுகிற நேரம் ஓடித்தான் ஆக வேண்டும். ஆடாசிட்டியின் வழக்கமான அமைப்பில் ஒரு பக்கத்துக்கு 600 மெகாபைட்டுக்கு மேல் இடம் கேட்கும், வட்டில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள். பதிந்ததை அப்படியே ஃப்ளாக்காக ஒரு பிரதி எடுத்து மூலமாக வைத்துவிட்டு, இன்னொரு பிரதியில் இரைச்சல் குறைக்கும் வேலையைச் செய்யுங்கள். பாட்டுத் தொடங்கும் முன் வரும் வெற்று நாடாவின் சீறலை மாதிரியாகக் காட்டிக் குறைக்க வேண்டும். அதிகமாகக் குறைத்தால் குரல் தண்ணீருக்குள் இருந்து வருவதுபோல் ஆகிவிடும். கொஞ்சம் சீறல் இருந்தால் பரவாயில்லை, குரல் உயிரோடு இருக்க வேண்டும்.

கேசட் அட்டையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அதே கோப்புறையில் போடுங்கள். பாடியவர், எழுதியவர் பெயர் அதில் மட்டும்தான் இருக்கும்.

8. பதிப்புரிமை முடிந்த பழைய இசைத்தட்டுகள்

இந்தியாவில் ஒலிப்பதிவுக்கு உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. பாட்டை எழுதியவர், இசையமைத்தவர் உரிமை தனி. அது அவர்கள் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டும். இரண்டும் முடிந்திருந்தால்தான் முழுச் சுதந்திரம். தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி கீர்த்தனைகளை 1960-க்கு முன் வெளியான இசைத்தட்டுகளில் பாடியிருந்தால் இரண்டு கணக்கும் தீர்ந்திருக்கும். இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் இப்படிப்பட்ட பழைய தட்டுகளின் பதிவுகள் கிடைக்கின்றன. அங்கே ஏற்றப்பட்டிருக்கிறது என்பதாலேயே எல்லாம் உரிமை முடிந்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், வெளியான ஆண்டைப் பார்த்து எடுங்கள்.

9. பென்டிரைவும் கார் ஸ்டீரியோவும்

பாட்டு சேர்ந்துவிட்டது, காரில் மட்டும் பாடவில்லை என்றால் பெரும்பாலும் பென்டிரைவின் கோப்பு அமைப்புதான் (ஃபார்மேட்) காரணம். பல ஸ்டீரியோக்கள் ஃபேட்32 அமைப்பை மட்டும்தான் படிக்கும். எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் இரண்டையும் கண்டுகொள்ளாது. 32 ஜிகாபைட் பென்டிரைவே வாங்குங்கள், விண்டோஸில் வலது கிளிக் செய்து ஃபேட்32-ஆக ஃபார்மேட் செய்ய அதுதான் வசதி. கோப்பு எம்பி3-ஆக இருக்கட்டும். கோப்புப் பெயரைத் தமிழில் வைத்தால் பல வண்டிகளில் கட்டம் கட்டமாகத் தெரியும். காருக்கான பிரதியில் மட்டும் ஆங்கில எழுத்தில் பெயர் வைத்து, முன்னால் 01, 02 என்று எண் போடுங்கள். ஆல்பம் படம் பெரிதாக இருந்தால் சில ஸ்டீரியோ திணறும், சிறிதாக்கிவிடுங்கள்.

போனில் கேட்க மியூசிகோலெட் அல்லது விஎல்சி செயலி போதும். மியூசிகோலெட் இணைய அனுமதியே கேட்காது, சிக்னல் இல்லாத இடத்தில் எதையும் தேடிக்கொண்டு நிற்காது.

ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் அறையில் நீங்கள் கேட்பது வேறு, விருந்தினர் கூடத்தில் ஒலிபெருக்கியில் போடுவது வேறு. சந்தாவும் சரி, விலைக்கு வாங்கின சிடியும் சரி, பொது இடத்தில் ஒலிக்க உரிமை தராது. அதற்கு ஐபிஆர்எஸ், பிபிஎல் போன்ற அமைப்புகளிடம் உரிமம் எடுக்க வேண்டும்.

10. பிரதி, செலவு, காலம்

பென்டிரைவ் கேட்பதற்கு, சேமிப்பதற்கு அல்ல. ஒரு டெராபைட் வெளிவட்டு (எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்) ஒன்று வாங்கி அதில் எல்லா ஃப்ளாக்கையும் ரசீதுகளையும் வையுங்கள். மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, ஜெல்லை மாதம் ஒருமுறை மாற்றுங்கள். இன்னொரு பிரதி வீட்டுக்கு வெளியே, முடிந்தால் மலைக்குக் கீழே கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ சொந்தக்காரர் வீட்டில் இருக்கட்டும்.

டிவிடி ரைட்டர், சவுண்டு கார்டு, பென்டிரைவ், வயர் எல்லாம் சேர்த்து 3,000 முதல் 5,000 ரூபாய்க்குள் முடியும். வெளிவட்டு அதற்குமேல் தனி. ரைட்டரும் சவுண்டு கார்டும் நாலைந்து பேர் சேர்ந்து வாங்கிச் சுற்றில் விட்டுக்கொள்ளலாம், ஒருவருக்கு வருடம் முழுக்கத் தேவைப்படாது. இணையத்தில் வாங்குவதாக இருந்தால் மழைக்காலத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். மண்சரிவில் மலைப்பாதை அடைத்தால் பார்சல் மேட்டுப்பாளையத்திலேயே நின்றுவிடும்.

கேசட் வேலைக்கு ஜனவரி முதல் ஏப்ரல் வரை உகந்த காலம். காற்றில் ஈரம் குறைவு, நாடா காய்ந்திருக்கும். சிடி வேலையை மழைநாளில் வைத்துக்கொள்ளலாம். சந்தாவை உடனே வெட்ட வேண்டியதில்லை. சேமிப்பு ஓரளவு தேறும்வரை கூடவே ஓடட்டும். ஆண்டுச் சந்தாவைப் புதுப்பிக்காமல் மாதச் சந்தாவுக்கு மாறிவிட்டால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்.